பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாத பாவம்

"சாமி கும்பிடுகிறவர்கள்தான் அதிகம் அநியாயம் பண்ணுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் கூட்டத்தில் நாலு பேராவது தலையாட்டுவார்கள். ஏன் அப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: எல்லாம் வேஷம். கோயிலுக்குப் போவது ஊருக்காக, கையில் செபமாலை வைத்திருப்பது பார்க்கிறவர்களுக்காக, உள்ளுக்குள் ஒன்றும் கிடையாது. சிலருக்கு இந்தப் பதில் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் என் பெரியம்மாவுக்குப் பொருந்தாது. அவர் பக்தி உண்மையானது என்பதைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அதனாலேயே இந்தக் கேள்வி சில வருடங்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்தி உண்மையாக இருந்தும், வேதம் சொல்கிறபடி ஒருவர் நடக்காமல் போவது எப்படி?

பெரியம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயசு. ராதாபுரம் பக்கம் ஒரு கிராமம். விடிவதற்கு முன்னால் எழுந்து, விளக்குப் போடாமல், முழந்தாள்படியிட்டுச் செபமாலை சொல்லுவார். அவருடைய முழங்கால்களில் காய்ப்பு ஏறியிருக்கிறது. செபமாலை மணிகள் தேய்ந்து, விரல் அதிகம் நிற்கும் இடங்களில் கறுத்துவிட்டன. செவ்வாய்க்கிழமை முடிந்தால் உவரி அந்தோணியார் கோயில், முதல் வெள்ளி தவறாமல் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது), தவக்காலம் முழுக்கக் கவிச்சி கிடையாது. இதெல்லாம் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் செய்வதுதான். அவர் செய்த இன்னொன்றை எல்லாரும் செய்யமாட்டார்கள். ஊரில் ஒரு பெண் புற்றுநோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, சொந்தக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்ற அந்த வீட்டுக்குள் தினமும் போய்ப் புண்ணைக் கழுவித் துணி மாற்றிவிட்டு வந்தார். அந்த அம்மாள் எங்கள் சாதி இல்லை. பெரியம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதும் இல்லை. அதைச் செய்ததாக யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை.

அவருடைய மகன் வழிப் பேத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன் வேறு ஊர்க்காரன் இல்லை, வேறு வேதக்காரனும் இல்லை. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவன், கீழத்தெரு. முதல் முறையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு அவனைத் தயார் பண்ணினதே பெரியம்மாதான். உபதேசியாருக்கு உடம்பு முடியாமல் போன வருடம், பிள்ளைகளைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து மந்திரங்களை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பரலோக மந்திரத்தில் எப்போதும் ஒரு வரியை விழுங்கிவிடுவானாம் அந்தப் பையன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புதுநன்மை வாங்கின அன்று அவன் வெள்ளைச் சட்டையில் ரோஜாப்பூவைக் குத்திவிட்டதும் அவர்தான். அந்த போட்டோ இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

கல்யாணப் பேச்சு வந்தபோது பெரியம்மாவிடம் பேசச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். "நல்ல பையன்தான்ய்யா. தங்கமான பையன். நாந்தானே மந்திரம் சொல்லிக்குடுத்தேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவுக…" என்று நிறுத்திவிட்டார். வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. "சாமிக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதானே பெரியம்மா?" என்றேன். "ஒண்ணுதான். யாரு இல்லேன்னா? அதுக்காக வீட்டுக்குள்ளயுமா?" கோபமே இல்லை அவர் பேச்சில். சின்னப் பிள்ளைக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்கிற தோரணையில், பொறுமையாகக் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. சென்னைக் கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து, அங்கேயே பூசை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். பெரியம்மா போகவில்லை. ஆனால் அன்று தொடங்கி இன்றுவரை, தினமும் செபமாலை முடிவில் பேத்தி பெயரையும் அந்தப் பையன் பெயரையும் சேர்த்துச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுகிறார். இரண்டையும் ஒரே மனுஷிதான் செய்கிறார். வேஷம் என்ற விளக்கம் இங்கே எப்படிப் பொருந்தும்?

எங்கள் சாதி எது, கீழத்தெருக்காரர்கள் யார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெற்கே எந்தப் பங்கை எடுத்துக்கொண்டாலும், எந்த இரண்டு பெயரைப் போட்டாலும் இந்தக் கதை நிற்கும்.

வடக்கன்குளத்துச் சுவர்

பெரியம்மா ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் வடக்கன்குளம். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தாரே தேவசகாயம், அவர் ஞானஸ்நானம் வாங்கினது அங்கேதான், 1745 மே மாதம். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். மதம் மாறினது மட்டும் அவர் செய்த குற்றமாகப் படவில்லை. எல்லாச் சாதிக்காரர்களோடும் கலந்து பழகினார், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் பட்டம் கொடுக்கும்போது வத்திக்கான் அவர் பெயரில் இருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டு வெறும் தேவசகாயம் என்றே அறிவித்தது. சாதியை விட்டதற்காகவும் சேர்த்து உயிரைக் கொடுத்தவருக்குச் சாதிப் பட்டம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அவர் ஞானஸ்நானம் வாங்கின அதே வடக்கன்குளத்தில்தான், அவர் செத்து நூற்று இருபது வருடம் கழித்து, 1872-இல் ஒரு விசித்திரமான கோயில் எழும்பியது. திருக்குடும்ப ஆலயம். நீளமான இரண்டு கூடங்கள், இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேரும். நடுவில் சுவர். ஒரு கூடத்தில் வெள்ளாளர், மறு கூடத்தில் நாடார். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கத்தாரும் தெரிவார்கள். ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் தெரியமாட்டார்கள். அதன் வடிவத்தை வைத்துக் 'கால்சட்டைக் கோயில்' என்ற பெயரும் அதற்கு வந்தது. ஒரே அப்பம், ஒரே பூசை, ஒரே சாமியார், நடுவில் சுவர். இதைக் கட்டினவர்கள் கோயிலின் எதிரிகள் இல்லை. பிரான்சிலிருந்து வந்த சேசு சபைக் குருக்கள் காலத்தில், சபையின் அனுமதியோடு, விசுவாசிகளின் காணிக்கையில் எழும்பிய சுவர் அது.

1910-இல், கௌசானல் சாமியார் பங்கில் இருந்தபோது, அந்தச் சுவரை இடித்தார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வெள்ளாளர் பக்கத்தார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். திருச்சி ஆயர் பார்த் மீதே வழக்கு. எங்களுக்குத் தனி இடம் வேண்டும், சுவர் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமை கிறிஸ்தவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது. இந்த வழக்கைப் போட்டவர்களை நான் மனக்கண்ணில் பார்க்க முயன்றிருக்கிறேன். பூசைக்கே வராதவன் கோயில் சுவருக்காக உயர் நீதிமன்றம் வரை போகமாட்டான். இவர்கள் கோயிலை உயிராக நினைத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தைக் காத்துவந்தோம் என்று பெருமைப்பட்டவர்கள். அதில் பொய்யும் இல்லை. வழக்கு நடந்த காலத்திலும் வீட்டில் சாயங்காலம் செபமாலை சொல்லியிருப்பார்கள். வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றுகூட மாதாவிடம் கேட்டிருப்பார்கள். என் பெரியம்மாவைப் பார்த்தவன் என்பதால் இது எனக்கு நம்ப முடியாத விஷயமாகத் தெரியவில்லை.

அவர்கள் வாங்கின விசுவாசத்தோடேயே சுவரும் வந்தது என்பதைத்தான் நாம் பேசாமல் விட்டுவிடுகிறோம். 1606-இல் இத்தாலியச் சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து காவி உடுத்தி, மரக்கறி உண்டு, மேல்சாதியாருக்கென்று தனிக் கோயில் வைத்துக்கொண்டார். கொஞ்ச காலத்தில் மற்றச் சாதிகளைப் பார்த்துக்கொள்ள பண்டார சாமிகள் என்று தனி வகைக் குருக்கள் வந்தார்கள். இந்த ஏற்பாட்டில் எத்தனையோ பேர் கிறிஸ்துவை அறிந்தார்கள் என்பது உண்மை. வந்தவர்கள் எதையும் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கவில்லை என்பதும் உண்மை. 1704-இல் போப்பின் தூதர் துர்னோன் புதுச்சேரியிலிருந்து ஓர் ஆணை போட்டார். அதில் ஒன்று, தலித் மக்களின் வீட்டுக்குள் போய்ச் சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைபூசுதல் என்ற கடைசி எண்ணெய்ச் சடங்கைக் கொடுக்க வேண்டும் என்பது. குருவானவர் சாகக் கிடக்கிற விசுவாசியின் குடிசைக்குள் குனிந்து நுழைய வேண்டும் என்று ரோமாபுரியிலிருந்து வந்தவர் ஆணை போட வேண்டியிருந்தது. அது நடைமுறைக்கு வருவதில் நாற்பது வருடம் இழுபறி. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் மறுபடியும் வலியுறுத்த வேண்டிவந்தது. அப்போதும், அதற்கென்றே தனியாகச் சில குருக்களை ஒதுக்கித்தான் சமாளித்தார்கள். குருக்களுக்கே இத்தனை தயக்கம் இருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து மந்திரம் கற்றுக்கொண்ட குடியானவனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

சீர்திருத்த சபைகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன என்று சொல்லிவிட முடியாது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு தயக்கமின்றி, உடனடியாக, இனி எப்போதும் திரும்பாதபடி கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதியார் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டுப் போனார்கள். தனியாக உட்காருவதும், பாத்திரத்திலிருந்து திராட்ச ரசத்தை முதலில் தாங்கள் குடிப்பதும் அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. பிற்பாடு வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் கொஞ்சம் நெகிழ்வாக இருந்ததால் சிலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கண்டித்தால் ஆள் போய்விடும் என்ற பயம் அன்றைக்கே சபைகளின் எலும்பில் ஏறிவிட்டது. இன்றைக்கும் அது இறங்கவில்லை.

பேதுரு எழுந்துபோன பந்தி

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். கோயிலில் அதை எத்தனையோ முறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன், ஆனால் அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்ட ஞாபகம் இல்லை. அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாவும் அந்தப் பக்கம் போய்விட்டார். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே பேதுருவைக் கண்டித்தார்.

இதைவிடக் கூர்மையாக யாரும் நம்முடைய விஷயத்தைச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். பேதுருவுக்கு உண்மை தெரியாமல் இல்லை. எல்லாரும் ஒன்று என்பதைச் சாப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர்தான் அவர். அவர் விசுவாசம் பொய்யும் இல்லை, பிற்பாடு அதற்காகச் சிலுவையில் செத்தார் என்றுதான் திருச்சபை நம்புகிறது. ரோமைச் சக்கரவர்த்திக்குப் பயப்படாத மனுஷனை, சொந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து நின்றது அசைத்துவிட்டது. ஏனென்றால் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான். இதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. கோயில் அசனத்தில், அந்தப் பொதுப் பந்தியில், பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெரியம்மா பார்த்ததே இல்லை. எல்லாத் தெருக்காரர்களுக்கும் சோறு போட்டிருக்கிறார், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறார். அசனம் கோயில் காரியம், அதில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். கல்யாணம் வீட்டுக் காரியம். நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் தூக்க வருகிறவர்கள், சடங்குக்குச் சீர் கொண்டுவருகிறவர்கள், மிச்சமிருக்கும் பேத்திகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கிற இடம் அது. கடவுளுக்குப் பயப்படுவதைவிட இவர்களுக்குப் பயப்படுவது சுலபம். கடவுள் உடனே வந்து கணக்குக் கேட்பதில்லை, இவர்கள் கேட்பார்கள்.

"இதுல பாவம் என்னய்யா இருக்கு?"

இவ்வளவு காரணம் யோசித்தும் எனக்கு ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. பயம் என்றால் மனசுக்குள் ஓர் உறுத்தல் இருக்க வேண்டும். பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று சொன்ன ராத்திரியில், வெளியே போய் மனங்கசந்து அழுதவர். பெரியம்மாவிடம் அழுகை இல்லை, உறுத்தல் இருந்ததாகவும் தெரியவில்லை. அதற்கான விடை ஒரு தவக்காலத்தில் கிடைத்தது.

பெரிய வாரத்துக்கு முந்தின நாட்கள். பெரியம்மா திண்ணையில் பழைய செபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். அட்டை போய்விட்ட புத்தகம், துணி வைத்துத் தைத்திருந்தார். ஆத்தும சோதனைக்கென்று அதில் சில பக்கங்கள் உண்டு. பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதைச் செய்தாயா, அதை நினைத்தாயா என்று கேள்வி கேள்வியாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, உதடு அசைய வாசித்து, கண்ணை மூடி யோசித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். நடுவில் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார், விபூதிப் புதன் அன்று மகன் வீட்டில் இருந்தபோது நினைவில்லாமல் கோழிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டாராம். அப்புறம் மருமகளை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டாராம். இரண்டையும் சொல்லும்போது அவர் முகம் உண்மையாகவே வாடியது.

கேட்டுவிட்டேன். "பெரியம்மா, பேத்தி கல்யாணத்துக்குப் போகாம இருந்தீங்களே, அதைச் சாமியார்கிட்ட சொன்னீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் தப்பித்துக்கொள்ளும் முயற்சி எதுவும் இல்லை. அசந்துபோய்விட்டார். "ஏய்யா, இதுல பாவம் என்னய்யா இருக்கு?" என்றார். பிறகு, நான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, புத்தகத்தை என் பக்கம் திருப்பி, விரலை முதல் வரியிலிருந்து நகர்த்தத் தொடங்கினார். பூசை காணாமல் இருந்தது உண்டா. பொய்யாணை இட்டது உண்டா. பெற்றோரை எதிர்த்துப் பேசியது உண்டா. களவு, கோள், கெட்ட நினைவு, விலக்கின நாளில் மாமிசம். பக்கம் பக்கமாகக் காட்டினார். "பாரு, எங்கயாவது இருக்கா?" எங்கேயும் இல்லை. அன்று ராத்திரி அந்தப் பக்கங்களை எல்லாம் உட்கார்ந்து நானே படித்தேன். சாதி என்ற சொல்லே அதில் ஓர் இடத்திலும் வரவில்லை.

பெரியம்மா எழுபது வருடமாக மாதந்தவறாமல் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிறவர். அத்தனை முறையும் குருவானவர் கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒருவர்கூட இதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. பங்குக்கு எத்தனையோ சாமியார்கள் வந்து போனார்கள். குடியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார்கள், சீரியலைப் பற்றி, செல்போனைப் பற்றி, வரதட்சணையைப் பற்றிக்கூட வைத்தார்கள். கீழத்தெருவையும் மேலத்தெருவையும் பற்றி வாயைத் திறந்தால் அடுத்த திருவிழாவுக்கு வரி வராது, சப்பரம் தூக்க ஆள் வராது என்று அவர்களுக்குத் தெரியும். தனக்குக் கற்றுக்கொடுத்த வேதத்தைப் பெரியம்மா ஒரு வரி விடாமல் கடைப்பிடிக்கிறார். கற்றுக்கொடுக்கும்போதே விட்டுப்போன வரியை அவர் எங்கே போய்த் தேடுவார்? விசுவாசிகள் வேதத்தின்படி நடக்கவில்லை என்று சொல்லும்போது, அவர்கள் கையில் போய்ச் சேர்ந்த வேதம் எது என்று பார்க்காமல் பேசக் கூடாது என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அதற்காக அவரை முழுக்க விடுவித்துவிடவும் எனக்கு மனசு வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினதை நான் மறக்கவில்லை. கோழிக்குழம்பைப் பற்றிச் சத்தமாகத்தான் சொன்னார். "ஆனா அவுக" என்று சொல்லும்போது மட்டும், கேட்க யாரும் இல்லாத வீட்டில், குரல் இறங்கியது. தப்பே இல்லாத காரியத்தை யாரும் ரகசியமாகப் பேசுவதில்லை. புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்று, புண்ணைக் கழுவின அந்தக் கைக்குச் சொந்தமான மனசுக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளத்தான் அந்தப் பட்டியல் உதவுகிறது. எண்ணிச் சொல்லிவிட்டோம், பாவமன்னிப்பு கிடைத்துவிட்டது, மனசு லேசாகிவிட்டது. இனிமேல் எதையும் தோண்ட வேண்டியதில்லை. பக்தி உண்மையாக இருப்பதனாலேயே இந்த நிம்மதியும் உண்மையாக இருக்கிறது. வேஷக்காரனுக்கு இந்த நிம்மதி கிடைக்காது.

மறுபக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. பேத்தியின் மாப்பிள்ளையிடம் ஒருமுறை இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான்: "இது பாவமா இல்லையான்னு எங்களுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்ல மாமா. பாட்டி திண்ணையிலதான் எங்களுக்கு மந்திரம் சொல்லிக்குடுத்தாங்க. தாகம் எடுத்தா செம்புல தண்ணி வெளிய வரும். ஒரு தடவகூட உள்ள போய்க் குடிச்சதில்ல. ஏழு வயசுப் பிள்ளைக்கே அது தெரியும்." அவன் குரலில் வெறுப்பு இல்லை. பாட்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தான். நான் எத்தனையோ தடவை ஏறி இறங்கின திண்ணை அது. பிள்ளைகள் ஏன் திண்ணையில் மட்டும் உட்கார்ந்தார்கள் என்பதை வீட்டுக்குள் இருந்து வளர்ந்தவன் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

திருச்சபை இதை ஒப்புக்கொள்ளாமல் இல்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஏறையூரில் ஒரே பங்கின் இரண்டு சாதிக்காரர்கள் மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் நின்றது. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள்ளேயே தலித் மக்கள் ஒதுக்கப்படுவதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. நல்ல அறிக்கை, எழுதினவர்களை மதிக்கிறேன். ஆனால் அது பெரியம்மாவின் துணி தைத்த புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. வடக்கன்குளத்தில் சுவர் விழுந்தது, ஒரு பங்குச் சாமியார் கடப்பாரைக்கு அனுமதி கொடுத்ததால். ஆயர் அதற்குத் துணை நின்றார். வழக்கு வந்தபோதும் பின்வாங்கவில்லை. ஆள் போனால் போகட்டும் என்ற துணிச்சல் அதில் இருந்தது. அந்தத் துணிச்சலைத்தான் இன்றைக்குக் காணவில்லை.

இப்போது நான் இருக்கிற பங்கில், தவக்காலத்தில் ஒப்புரவு வழிபாட்டுக்கு முன்னால் ஆன்ம சோதனைக்கென்று ஒரு தாளை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணம் பேசும்போது சாதி கேட்டேனா? நற்கருணை வாங்குகிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரை என் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைக்கத் தயங்கினேனா? சாதியைக் காரணம் காட்டி யாருடைய நல்லது கெட்டதுக்காவது போகாமல் இருந்தேனா? சாமியார் வாசித்துப் பார்த்தார், நல்லாத்தான் இருக்கு, பங்குப் பேரவையில் வைத்துப் பேசுவோம் என்றார். பேரவையில் வைத்தார். ஒருவர் எழுந்து, இதையெல்லாம் தாளில் போட்டால் பெரியவர்கள் மனசு கஷ்டப்படும் என்றார். படட்டும் என்றுதான் கேட்கிறேன் என்றேன். நமக்குள் இல்லாத பிரச்சினையை ஏன் கிளப்ப வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர், "உங்களுக்குள்ள இல்ல சார், எங்களுக்கு இருக்கு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். மறுபடி அந்த மூன்று கேள்விகளையும் வைப்பேன், இந்த முறை அந்தப் பெண்ணையும் முன்வரிசையில் வந்து உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.